சூப்பர் ஹீரோ படங்களை ஏன் ‘டார்க்’காக மறுபடி தொடங்குகிறார்கள்?

2008ல் வந்த பேட்மேன் படமான ‘தி டார்க் நைட்’டுக்கு அமெரிக்க வயது வகைப்பாட்டில் கிடைத்தது பிஜி-13. பதின்மூன்று வயது ஆகாத பிள்ளைகளை அழைத்து வருகிறவர்கள் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள் என்கிற அளவிலான எச்சரிக்கை அது. யாரையும் வாசலில் நிறுத்த மாட்டார்கள். 2016ல் வந்த ‘டெட்பூல்’ வாங்கியது ஆர். பதினேழு வயது ஆகாதவர்கள் பெரியவர் துணையில்லாமல் உள்ளே போக முடியாது. வெட்டு, குத்து, கெட்ட வார்த்தை எல்லாம் இரண்டாவதில்தான் அதிகம். ஆனால் இரண்டையும் பார்த்த யாரிடமாவது எது டார்க்கான படம் என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பேட்மேனைத்தான் சொல்வார்கள். ‘டெட்பூல்’ ஆரம்பத்திலிருந்து கடைசிவரை காமெடி.

அப்படியானால் அந்த டார்க் எங்கே இருக்கிறது? ரத்தத்தில் இல்லை என்பது இந்த ஒரு உதாரணத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் ரசிகர்கள் பேச்சில் இந்தச் சொல் பாடாய்ப் படுகிறது. திரை மங்கலாக இருந்தால் டார்க், ஹீரோ சிரிக்கவில்லை என்றால் டார்க், மழை பெய்தால் டார்க். கூடவே வரும் ‘ரீபூட்’டுக்கும் இதே கதிதான்: நடிகர் மாறினாலே ரீபூட் என்கிறார்கள். இரண்டையும் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிட்டு, ஸ்டூடியோக்கள் ஏன் இந்த இரண்டையும் சேர்த்தே செய்கின்றன என்பதற்கு வருவோம். சில படங்களின் முடிவுகளைச் சொல்லித்தான் ஆகவேண்டும். எல்லாம் பழைய படங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீக்வெல், ரீமேக், ரீபூட்

ஒரு மனையில் ஒரு வீடு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் இன்னொரு மாடி எழுப்பினால் அது சீக்வெல். கீழே உள்ள சுவர் எங்கே போகிறதோ அதற்கேற்றபடிதான் மேலே கட்ட முடியும். பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு அதே வீட்டைப் புதிய கல்லும் மரமும் போட்டுத் திரும்பக் கட்டினால் ரீமேக். வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டு, மனையையும் வாசல் பெயர்ப்பலகையையும் மட்டும் மிச்சம் வைத்து, வேறு வரைபடத்தில் கட்டினால் ரீபூட்.

இதில் இடிபடுவது கதைத் தொடர்ச்சி. முந்தைய படங்களில் நடந்த எதுவும் இனி நடந்ததாகக் கணக்கில் வராது என்பதுதான் அதன் பொருள். செத்த வில்லன் சாகவில்லை, கல்யாணம் ஆன ஹீரோவுக்கு ஆகவில்லை, எல்லாம் முதலிலிருந்து. மிஞ்சுகிற மனையும் பலகையும்தான் ஃபிரான்சைஸ்: ஒரு பாத்திரத்தை நடுவில் வைத்துப் படம், பொம்மை, வீடியோ கேம், சட்டை என்று வருடக்கணக்கில் விற்கக்கூடிய வணிகச் சொத்து.

இப்படிப் பார்த்தால் நடிகர் மாறுவது ரீபூட் ஆகாது. 1989 முதல் 1997 வரை வந்த நான்கு பேட்மேன் படங்களில் மைக்கேல் கீட்டன், வால் கில்மர், ஜார்ஜ் க்ளூனி என்று மூன்று பேர் முகமூடி போட்டார்கள். ஆனால் வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரடாக நான்கிலும் மைக்கேல் கஃப், காவல்துறை கமிஷனராக நான்கிலும் பேட் ஹிங்கிள். வீடு அதேதான், குடியிருந்தவர்தான் மாறினார். 2005ல் கிறிஸ்டோபர் நோலன் ‘பேட்மேன் பிகின்ஸ்’ எடுத்தபோது முகமூடிக்குள் இருக்கும் புரூஸ் வெய்னின் பெற்றோர் மறுபடியும் முதல்முறையாகச் சுடப்பட்டார்கள். அதுதான் ரீபூட்.

ஸ்பைடர்மேன் இன்னும் தெளிவான உதாரணம். சாம் ரெய்மி 2002, 2004, 2007ல் மூன்று படங்கள் எடுத்தார். நான்காவதற்கான வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 2010 ஜனவரியில் ஸ்டூடியோவான சோனி அதைக் கைவிட்டது. 2012ல் ஆண்ட்ரூ கார்ஃபீல்டை வைத்து முதலிலிருந்து தொடங்கினார்கள். ஸ்பைடர்மேன் ஆகப்போகிற பீட்டர் பார்க்கரை, அவருக்குச் சக்தி தரும் சிலந்திப் பூச்சி மறுபடி கடித்தது. 2016ல் டாம் ஹாலண்ட் வந்தபோது மூன்றாவது தொடக்கம். நல்லவேளை, அந்த முறை பூச்சி கடிக்கிற காட்சியை நமக்குக் காட்டவில்லை.

நடுவில் மாட்டிக்கொண்ட படங்களும் உண்டு. 2014ன் ‘எக்ஸ்-மென்: டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்’ காலப்பயணத்தைக் காரணம் காட்டி, பழைய படங்களில் பிடிக்காததை எல்லாம் கதைக்குள்ளேயே அழித்துவிட்டது. இடித்தது மாதிரியும் ஆயிற்று, இடிக்காத மாதிரியும் ஆயிற்று. இதை ‘மென்மையான ரீபூட்’ என்பார்கள்.

சுருக்கமாக: தொடர்ச்சி இருந்தால் சீக்வெல். கதையையே திரும்ப எடுத்தால் ரீமேக். பாத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு தொடர்ச்சியைத் தூக்கிப் போட்டால் ரீபூட். நடிகர் யார் என்பது இதில் எதையும் தீர்மானிக்காது.

டார்க் என்பது வெளிச்சக் குறைவா?

‘தி டார்க் நைட்’ எப்படித் தொடங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். பட்டப்பகலில் ஒரு வங்கிக் கொள்ளை. வில்லன் ஜோக்கர் மருத்துவமனையைத் தகர்ப்பதும் நல்ல பகலில்தான். படத்தின் பெரும்பகுதி சிகாகோ நகரத்தின் நிஜத் தெருக்களில் எடுத்தது. அந்தப் பெரிய லாரி குப்புறப் புரள்கிற காட்சிக்காக உண்மையாகவே ஒரு லாரியைப் புரட்டினார்கள். மாறாக, எல்லோரும் கேலி செய்கிற 1997ன் ‘பேட்மேன் அண்ட் ராபின்’ பெரும்பாலும் இரவில் நடக்கிற கதை. நியான் விளக்குகள் ஊதாவும் பச்சையுமாகக் கண்ணைப் பறிக்கும், அவ்வளவுதான். இருட்டின் அளவை வைத்து டார்க்கைக் கணக்கிட்டால் விடை தலைகீழாக வரும்.

என் பார்வையில் டார்க் என்ற சொல்லுக்கு உருப்படியான விளக்கம் ஒன்றுதான்: அந்தக் கதையுலகத்தில் செய்கைக்கு விளைவு உண்டா, அந்த விளைவு திரும்பப் பெற முடியாததா? இதைத்தான் ‘தொனி’ என்கிறோம். ஒரு படம் தன் நிகழ்ச்சிகளை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறது, பார்க்கிற நம்மையும் எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது என்பது தொனி.

‘பேட்மேன் அண்ட் ராபின்’ படத்தில் ஹீரோக்களின் காலணியிலிருந்து தேவைப்பட்ட நேரத்தில் பனிச்சறுக்குத் தகடு முளைக்கும். பேட்மேன் தன் பெயர் போட்ட கிரெடிட் கார்டை எடுத்து நீட்டுவார். உறைந்துபோனவர்களைக் குறித்த நேரத்துக்குள் இளக்கிவிட்டால் எழுந்து நடப்பார்கள். எந்த ஆபத்துக்கும் ஒரு வழி ஏற்கெனவே பையில் இருக்கிறது. ஆகவே யாருக்கும் எதுவும் ஆகாது என்று நாம் நிம்மதியாக உட்கார்ந்திருப்போம். ‘தி டார்க் நைட்’ படத்தில் பேட்மேன் ஒருவரைக் காப்பாற்றப் போய், தான் நேசித்த ரேச்சலை இழக்கிறார். நகரத்தின் நம்பிக்கையான வழக்கறிஞர் ஹார்வி டென்ட் கொலைகாரராகிறார். கடைசியில் அந்தக் கொலைப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு பேட்மேன் ஓடுகிறார், போலீஸ் நாய்கள் துரத்துகின்றன. ஜெயித்தாரா, தோற்றாரா என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. பிஜி-13 படம்தான், ரத்தம் சொட்டுவதைக்கூடக் காட்டுவதில்லை. ஆனால் வெளியே வரும்போது கனக்கிறது.

2017ன் ‘லோகன்’ இதை வேறு விதமாகச் செய்தது. அது ரீபூட் இல்லை, பழைய எக்ஸ்-மென் வரிசையின் வால் பகுதி. ஆனால் தொனி என்றால் என்ன என்று புரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் கிடையாது. எந்தக் காயமும் உடனே ஆறிவிடும் என்பதுதான் அதன் நாயகன் லோகனின், அதாவது வுல்வரினின் சக்தி. அந்தச் சக்தி மங்கிக்கொண்டே வருகிறது என்று வைத்துவிட்டார்கள். அதுவரை விளைவே இல்லாதிருந்த ஒரு உடம்புக்கு விளைவு வந்துவிட்டது. அந்த ஒற்றை மாற்றத்தில் படம் முழுதும் வேறாகிவிடுகிறது.

விளைவு வந்ததும் இன்னொன்றும் தானாகவே வந்து சேரும்: காரணம். ‘பேட்மேன் பிகின்ஸ்’ பாதிப் படத்தை இதற்காகவே செலவழிக்கிறது. அங்கி ஏன் காற்றில் விறைக்கிறது, கார் எங்கிருந்து வந்தது, உடைக்குப் பணம் எப்படி மறைக்கப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம். கார் ராணுவத்துக்காக வடிவமைத்துக் கைவிடப்பட்ட வண்டி. வில்லன்களும் அப்படியே. உலகத்தை ஆள்வேன் என்று சிரித்துக்கொண்டிருப்பவன் போய், தான் செய்வது சரி என்று நம்புகிறவன் வருகிறான். விமர்சகர்கள் ‘யதார்த்த பாணி’ என்று சொல்வது இதைத்தான். வௌவால் உடை போட்ட ஒரு கோடீசுவரர் கதையில் யதார்த்தம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்றால், நியாயமான கேள்விதான். அங்கே யதார்த்தம் என்பது உலகத்தோடு ஒத்துப்போவது இல்லை. படம் தனக்குத் தானே போட்ட விதியை மீறாமல் இருப்பது.

நிறமும் ஒலியும் இதற்கெல்லாம் பிறகுதான். படம் எடுத்து முடித்தபின் கணினியில் ஒவ்வொரு காட்சியின் நிறத்தையும் திருத்துவார்கள், அதற்குக் கலர் கிரேடிங் என்று பெயர். சிவப்பு, மஞ்சளைத் தணித்து, நீலமும் சாம்பலும் தூக்கலாக வைத்தால் காட்சி இறுகிப்போனது மாதிரித் தெரியும். கதையில் விளைவு இருந்தால் இது துணை நிற்கும். இல்லாவிட்டால் வெறும் பூச்சு. இரவும் மழையும் இன்னொரு வகையில் வசதி: கணினி வரைகலையில் உள்ள ஓட்டை ஒடிசல்களை அவை மறைத்துவிடும். அடுத்த முறை ஏதாவது ராட்சச வில்லன் சண்டை நடுராத்திரி மழையில் நடந்தால், அது முழுக்கக் கலைத் தேர்வுதான் என்று நினைத்துவிட வேண்டாம்.

காமிக்ஸில் ஏற்கெனவே நடந்த ஊசல்

சினிமா இதைக் கண்டுபிடிக்கவில்லை. 1939ல் காமிக்ஸில் அறிமுகமான பேட்மேன் இரவில் நடமாடி வில்லன்களைக் கொல்லவும் தயங்காதவர். 1954ல் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று அமெரிக்காவில் பெரிய எதிர்ப்பு எழ, அரசு தலையிடுமுன் பதிப்பாளர்களே கூடித் தங்களுக்கு ஒரு கட்டுப்பாட்டு விதித்தொகுப்பு போட்டுக்கொண்டார்கள். நல்லவன்தான் ஜெயிக்க வேண்டும், குற்றவாளிமேல் இரக்கம் வரக்கூடாது, திகில் கூடாது. விளைவு என்பதையே சட்டம் போட்டுத் துரத்தினால் என்ன மிஞ்சும்? விளையாட்டுதான். 1966ல் ஆடம் வெஸ்ட் நடித்த தொலைக்காட்சித் தொடர் அந்த விளையாட்டை வெளிப்படையாகக் கொண்டாடியது. ஒவ்வொரு குத்துக்கும் திரையில் ஒலிச்சொல் பெரிய எழுத்தில் வெடிக்கும்.

1986ல் ஊசல் மறுபக்கம் போனது. ஃபிராங்க் மில்லர், வயதாகிக் கசந்துபோன ஒரு பேட்மேனை எழுதினார். அதே ஆண்டில் தொடங்கிய ஆலன் மூரின் ‘வாட்ச்மென்’, முகமூடி போட்டு நீதி வழங்கக் கிளம்புகிறவர்களின் மனநிலை உண்மையில் எப்படி இருக்கும் என்று கேட்டது. இன்று நாம் திரையில் பார்க்கிற டார்க்கின் வேர் பெரும்பாலும் இந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

ஸ்டூடியோவின் கணக்கு

ரசிகர்கள் முதிர்ச்சி அடைந்துவிட்டார்கள், அதனால்தான் படங்களும் டார்க்காகின்றன என்று ஒரு விளக்கம் உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, நம்மையும் புகழ்கிறது. ஆனால் வரலாற்றோடு ஒத்துவரவில்லை. முதிர்ச்சி என்றால் ஒரே திசையில் அல்லவா போக வேண்டும்? படங்களோ முன்னும் பின்னும் ஆடுகின்றன.

பாருங்கள். 1989ல் டிம் பர்ட்டன் எடுத்த ‘பேட்மேன்’ உலகம் முழுக்க 41 கோடி டாலர் வசூலித்தது. 1992ல் அவரே எடுத்த ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ இன்னும் இருண்டது. வாயில் கருப்புக் கோழை வழியும் பெங்குவின் என்ற வில்லன், கைவிடப்பட்ட குழந்தை, பழிவாங்கும் பெண். அதே நேரத்தில் மெக்டொனால்ட்ஸ் இந்தப் படத்தின் பொம்மைகளைக் குழந்தைகள் உணவோடு விற்றுக்கொண்டிருந்தது. பெற்றோர்கள் கொதித்தார்கள். வசூலும் 27 கோடிக்குள் சுருங்கியது. ஸ்டூடியோவான வார்னர் பிரதர்ஸ் என்ன செய்தது? இயக்குநரை மாற்றி, படத்தை வெளுக்க வைத்தது. ஜோயல் ஷூமேக்கரின் ‘பேட்மேன் ஃபாரெவர்’ 1995ல் 33 கோடி டாலரைத் தாண்டியது. சரி, இன்னும் கொஞ்சம் வெளுத்தால் இன்னும் கொஞ்சம் வருமே என்று போனதுதான் 1997ன் படம். பொம்மை விற்பனையின் தேவை அதன் உடை, வண்டி வடிவமைப்பு வரை புகுந்துவிட்டதை ஷூமேக்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அது சுமார் 24 கோடி டாலர் வசூலித்தது. தயாரிப்புச் செலவு 12.5 கோடிக்குக் குறையாது. லாபம்தானே என்று தோன்றும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வசூல் என்று பத்திரிகையில் வருவது ரசிகர்கள் டிக்கெட்டுக்குக் கொடுத்த மொத்தப் பணம். அதில் ஏறக்குறைய பாதி திரையரங்குகளுக்குப் போய்விடும். விளம்பரச் செலவு தயாரிப்புச் செலவில் சேராது, தனி. ஆகவே செலவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வசூல் வந்தால்தான் ஸ்டூடியோ மூச்சு விடும். இது தோராயக் கணக்குதான், ஆனால் படம் ஓடியதா இல்லையா என்று பேசும்போது இதை மறக்கக் கூடாது. அடுத்துத் திட்டமிட்டிருந்த பேட்மேன் படம் கைவிடப்பட்டது. எட்டு ஆண்டுகள் மனை சும்மா கிடந்தது.

சும்மா கிடக்கும் மனையில் ஒரு சிக்கல். பல சூப்பர் ஹீரோக்கள் விஷயத்தில் அந்த மனை ஸ்டூடியோவுக்குச் சொந்தமே இல்லை, குத்தகைக்கு எடுத்தது. பேட்மேனுக்கு இது பொருந்தாது. பேட்மேனை வெளியிடும் டிசி காமிக்ஸும் வார்னரும் ஒரே குடும்பம். ஆனால் மார்வெல் காமிக்ஸ் பணமுடையில் தத்தளித்து 1996ல் திவால் மனு வரை போன நிறுவனம். தன் பாத்திரங்களின் திரைப்பட உரிமையைப் பல ஸ்டூடியோக்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தது. அந்த ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனை இருக்கும்: குறித்த காலத்துக்குள் படம் எடுக்காவிட்டால் உரிமை திரும்பப் போய்விடும். இதை உரிமைக் கெடு என்று வைத்துக்கொள்வோம்.

இந்தக் கெடுவின் விபரீதமான உதாரணம், மார்வெலின் நால்வர் அணிக் கதையான ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’. உரிமையை வைத்திருந்த ஜெர்மன் தயாரிப்பாளருக்கு 1992 முடிவதற்குள் படப்பிடிப்பைத் தொடங்கியாக வேண்டும். மலிவுப் படங்களுக்குப் பேர்போன ராஜர் கார்மனோடு சேர்ந்து பத்து லட்சம் டாலர் அளவில் ஒரு படத்தை அவசரமாக எடுத்து முடித்தார்கள். அது இன்றுவரை முறையாக வெளியாகவில்லை. பாவம், நடிகர்கள் உண்மையான படம் என்று நம்பி விளம்பர வேலையெல்லாம் பார்த்தார்கள். ஃபாக்ஸ் ஸ்டூடியோவோ, மார்வெலின் இன்னொரு ஹீரோவான ‘டேர்டெவில்’ விஷயத்தில் நேரத்துக்குப் படம் தொடங்கவில்லை, உரிமை மார்வெலிடம் திரும்பியது. 2015ல் அது நெட்ஃபிளிக்ஸ் தொடராக, முன்பைவிடப் பல மடங்கு முரட்டுத்தனமாக வந்தது. சோனி ஸ்பைடர்மேனை 2012லேயே திரும்பத் தொடங்கியதற்கும் இந்தக் கெடு ஒரு காரணம். பழைய படம் வந்து ஐந்தே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

ஆக, படம் எடுத்தே ஆகவேண்டும். ஆனால் பழைய படம் மக்கள் நினைவில் இருக்கிறது, ஒன்று கேலிப்பொருளாக, இல்லையென்றால் அலுத்துப்போன பண்டமாக. ‘இது அந்தப் படம் இல்லை’ என்பதை இரண்டு நிமிட டிரெய்லரில் சொல்ல வேண்டும். கதையைச் சொல்லிப் புரியவைக்க நேரம் கிடையாது. தொனியை மாற்றினால் ஒரே பார்வையில் புரிந்துவிடும். முந்தையது பளபளப்பு என்றால் இது இருட்டு. இருண்ட ரீபூட் என்ற உத்தி பிறக்கிற இடம் இதுதான். டார்க் என்பதைவிட ‘எதிர்’ என்பதே சரியான பெயர்.

நோலனிடம் வார்னர் போனதும் இந்த அடிப்படையில்தான். ‘மெமென்டோ’, ‘இன்சோம்னியா’ எடுத்த மனிதர், சூப்பர் ஹீரோ படங்களுக்குச் சம்பந்தமே இல்லாதவர். 2005ல் ‘பேட்மேன் பிகின்ஸ்’ சுமார் 37 கோடி டாலர் வசூலித்தது. 15 கோடி செலவுக்கு அது பிரமாதமான எண் ஒன்றும் இல்லை. ஆனால் நம்பிக்கை திரும்பியது. மூன்று வருடம் கழித்து ‘தி டார்க் நைட்’ 100 கோடி டாலரைக் கடந்தது. ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜருக்கு அவர் இறந்தபின் துணை நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. பணமும் மரியாதையும் ஒன்றாக வந்தால் எந்த ஸ்டூடியோதான் சும்மா இருக்கும்?

இதுவரை பார்த்ததைக் கோத்துப் பார்த்தால்: படம் எடுக்கத் தூண்டுவது உரிமையும் சொத்தின் மதிப்பும். தொனியைத் தீர்மானிப்பது முந்தைய படத்தின் கதி. இயக்குநரின் கலைப் பார்வை அதற்குப் பிறகு நுழைகிறது. நல்ல இயக்குநர் கிடைத்தால் அந்தக் கணக்கிலிருந்து ஒரு நல்ல படமும் வரும்.

காயம் எங்கே இருக்கிறது?

நோலன் படங்களிலிருந்து ஸ்டூடியோ கற்றுக்கொண்டது ‘இருட்டு ஜெயிக்கும்’ என்ற பாடம். கற்றிருக்க வேண்டியது வேறு. பேட்மேனின் மூலக்கதையே ஒரு கொலை. சின்னப் பையன் கண்ணெதிரே அப்பாவும் அம்மாவும் சாகிறார்கள், அந்தப் பையன் அதிலிருந்து வெளியே வரவே இல்லை. விளைவு அங்கே விதையிலேயே இருக்கிறது. இயக்குநர் அதைத் தண்ணீர் ஊற்றி வளர்த்தால் போதும்.

சூப்பர்மேன் அப்படியா? சொந்தக் கிரகம் அழிந்ததுதான், ஆனால் அதை அவர் பார்த்த நினைவே இல்லை. அன்பான ஒரு விவசாயத் தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள். எதையும் செய்யக்கூடிய சக்தி இருந்தும் ஒருவன் ஏன் நல்லவனாக இருக்கிறான் என்பதுதான் அந்தப் பாத்திரத்தின் மையக் கேள்வி. 2013ன் ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ படத்தை ஜாக் ஸ்னைடர் இயக்கினார், தயாரிப்பில் நோலனும் இருந்தார். அதில் மூழ்கும் பேருந்திலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றிய சிறுவனிடம், அவர்களைச் சாக விட்டிருக்கலாமோ என்கிற தொனியில் வளர்ப்புத் தந்தை பேசுகிறார். கடைசியில் நகரம் நொறுங்குகிறது, சூப்பர்மேன் வில்லனின் கழுத்தை முறிக்கிறார். எனக்கு அந்தப் படத்தின் முதல் பாதி பிடிக்கும், பறக்கக் கற்றுக்கொள்ளும் காட்சி அபாரம். ஆனால் நகரத்தில் அத்தனை கட்டடம் சரிந்தபின் அதன் கனம் படத்தில் எங்கேயும் தங்கவில்லை. சாம்பல் நிறம் இருக்கிறது, விளைவு இல்லை. டார்க்கின் பூச்சு வந்துவிட்டது, சரக்கு வரவில்லை.

நியாயமாகச் சொன்னால், 2016ன் ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ அந்த அழிவையே கதையின் தொடக்கமாக எடுத்துக்கொண்டது. பெற்றோர் கொலையைக் காட்டிய கையோடு, இடிபாடுகளுக்குள் ஓடும் புரூஸ் வெய்னிடம் படம் வருகிறது. அந்தப் பத்து நிமிடம் பிரமாதம். அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 16.6 கோடி டாலர் வந்தது. அடுத்த வார இறுதியில் ஏறக்குறைய 70 சதவீதம் சரிந்தது. ஆவலாகப் போனவர்கள் வெளியே வந்து மற்றவர்களைப் போகச் சொல்லவில்லை என்பதைத்தான் அப்படிப்பட்ட சரிவு காட்டும். உலகம் முழுக்க 87 கோடி வந்தும் ஸ்டூடியோவுக்குத் திருப்தி இல்லை.

அடுத்த நடவடிக்கைதான் வேடிக்கை. டிசி ஹீரோக்கள் ஒன்றுசேரும் ‘ஜஸ்டிஸ் லீக்’ பாதியில் இருக்கும்போதே தொனியை வெளுக்க வைக்கத் தொடங்கினார்கள். குடும்பத் துயரத்தால் ஸ்னைடர் விலக, ஜாஸ் வீடன் வந்து காட்சிகளைத் திரும்ப எழுதி எடுத்தார். 2017ல் வந்த படத்தில் ஒரு காட்சியில் எல்லோரும் துக்கம் காக்கிறார்கள், அடுத்ததில் ஜோக் அடிக்கிறார்கள். வசூல் சுமார் 66 கோடிதான். ஸ்னைடர் நினைத்த வடிவம் நான்கு மணி நேரப் படமாக 2021ல் ஓடிடியில் தனியாக வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரே கதைச் சுருக்கத்திலிருந்து தொனி மட்டும் மாறினால் எவ்வளவு வேறு படம் கிடைக்கும் என்பது தெரியும். பொறுமை இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம்.

2015ன் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ நிலைமை இன்னும் மோசம். வீட்டுக்குள் சண்டை போட்டுச் சேர்ந்துகொள்ளும் ஒரு குடும்பம்தான் அந்தக் காமிக்ஸின் உயிர். அதை எடுத்து உடல் சிதையும் திகில் படமாக்கப் பார்த்தார்கள், பிறகு ஸ்டூடியோ பயந்து பாதியைத் திரும்ப எடுத்தது. 12 கோடி செலவில் எடுத்து 17 கோடிகூட வரவில்லை. படம் வெளியாகும் நேரத்தில் இயக்குநரே இணையத்தில் தன் அதிருப்தியைப் பதிவிட்டு, பிறகு நீக்கினார்.

டார்க் ஒரு முறை வென்றால் அடுத்த முறையும் வெல்லும் என்ற உத்தரவாதமும் கிடையாது. 2019ன் ‘ஜோக்கர்’ 7 கோடி டாலருக்குள் எடுக்கப்பட்டு 100 கோடிக்கு மேல் வசூலித்தது. ஆர் சான்றிதழ், பறக்கும் ஹீரோ இல்லை, பெரிய சண்டை இல்லை. ஹோக்கின் ஃபீனிக்ஸுக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர். ஐந்து வருடம் கழித்து அதே கூட்டணி எடுத்த இரண்டாம் பாகத்துக்குச் செலவு ஏறக்குறைய 20 கோடி, வசூலும் ஏறக்குறைய அவ்வளவுதான். முதல் படம் குறைந்த செலவில் எடுத்ததால்தான் அவ்வளவு துணிய முடிந்தது என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

இப்போது ஊசல் எந்தப் பக்கம்?

2022 நவம்பரில் டிசி படங்களின் பொறுப்பு ஜேம்ஸ் கன், பீட்டர் சாஃப்ரன் இருவரிடமும் வந்தது. முந்தைய வரிசை சாம்பல் என்று பெயரெடுத்திருந்ததால், இந்த முறை ‘எதிர்’ என்றால் வெளிச்சம். 2025 ஜூலையில் வந்த கன்னின் ‘சூப்பர்மேன்’ படத்தில் உடை பளிச்சென்று இருக்கிறது, கூடவே ஒரு அடங்காத நாய் பறக்கிறது, சண்டைக்கு நடுவில் ஹீரோ ஒரு அணிலைக் காப்பாற்றுகிறார். வசூல் 60 கோடி டாலரைத் தாண்டியது. அதே மாதம் மார்வெல் ஸ்டூடியோஸ், ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ கதையை 1960களின் கனவுலகம் போன்ற ஒரு பிரகாசமான உலகத்தில் வைத்து மறுபடி தொடங்கியது. பத்து வருடத்துக்கு முன் இருட்டில் தோற்ற அதே நால்வர்.

ஆனால் பேட்மேனை யாரும் வெளுக்க வைக்கவில்லை. மேட் ரீவ்ஸ் 2022ல் எடுத்த ‘தி பேட்மேன்’, நோலன் படங்களைவிட இருண்ட, மூன்று மணி நேரத் துப்பறியும் கதை. பெற்றோர் கொலையைத் திரும்பக் காட்டாமலேயே ரீபூட் செய்தது. 77 கோடி டாலர் வசூல். அதைத் தன் புதிய கதைத் தொடர்ச்சிக்குள் கன் இழுக்கவில்லை. 2023 ஜனவரியில் திட்டத்தை அறிவித்தபோது, ரீவ்ஸின் படங்கள் தனி வரிசையாகத் தொடரும், புதிய உலகத்துக்கு வேறொரு பேட்மேன் வருவார் என்றார். அதாவது ஒரே ஸ்டூடியோ, ஒரே பெயர்ப்பலகையின்கீழ், இரண்டு தொனியில் இரண்டு வீடுகளைப் பக்கத்துப் பக்கத்தில் கட்டத் திட்டமிட்டிருக்கிறது. ஒன்றை இடித்தால்தான் இன்னொன்று என்ற பழைய வழக்கம் டிசியில் இப்போதைக்குத் தளர்ந்திருக்கிறது.